எல்லை தாண்டும் தண்ணீர்: ஆற்றையும் நிலத்தடி நீரையும் நாடுகள் எப்படிப் பகிர்ந்துகொள்கின்றன?

ஆண்டுதோறும் ஜனவரி 1 முதல் மே 31 வரை மேற்கு வங்கத்தின் ஃபராக்காவில் வங்கதேசப் பொறியாளர்கள் சிலர் இருப்பார்கள். அதே ஐந்து மாதமும் எல்லைக்கு அந்தப் பக்கம், ஹார்டிங் பாலத்தருகே, இந்தியப் பொறியாளர்கள் இருப்பார்கள். இரு குழுக்களுக்கும் வேலை ஒன்றுதான். உள்ளூர்ப் பொறியாளர்களோடு சேர்ந்து நின்று, கங்கை ஆற்றில் இன்றைக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது என்று அளந்து, குறித்து, இரு அரசுகளுக்கும் தெரிவிப்பது.

நாடுகளுக்கிடையே தண்ணீர் ஒத்துழைப்பு என்றதும் தலைவர்கள் கைகுலுக்கும் புகைப்படம்தான் நினைவுக்கு வரும். அது ஒருநாள் கூத்து. மீதி வருடமெல்லாம் ஒப்பந்தத்தை ஓட்டிக்கொண்டு போவது இந்த அளவெடுப்புதான். ஒரே ஆற்றுக்கு ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்தால், எவ்வளவு நியாயமான பங்கீடும் முதல் வறட்சியிலேயே சண்டையாகிவிடும். ஆறு என்றால் கண்ணுக்காவது தெரிகிறது. நிலத்தடி நீருக்கு அதுவும் இல்லை.

ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகள் பகிரும் ஆற்றுப்படுகைகள் உலகில் சுமார் 310 இருக்கின்றன. அப்படிப் பகிரப்படும் நிலத்தடி நீர்ப்படுகைகளில் இதுவரை 468ஐ அடையாளம் கண்டிருக்கிறார்கள். இலங்கைக்கு இந்தத் தலைவலி கிடையாது. தீவு என்பதால் ஆறுகள் எல்லாம் உள்ளேயே பிறந்து கடலில் சேர்ந்துவிடுகின்றன. தமிழ்நாட்டுக்காரர்களுக்குக் காவிரி பழக்கம், ஆனால் அது மாநிலங்களுக்கு இடையிலான வழக்கு. எவ்வளவு இழுத்தடித்தாலும் கடைசியில் உச்ச நீதிமன்றம் என்று ஒன்று இருந்தது. 2018ல் அது கர்நாடகம் ஆண்டுக்கு விட வேண்டியது 177.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கனஅடி) என்று ஓர் எண்ணைச் சொன்னது, மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் அளக்கச் சொன்னது, பார்த்துக்கொள்ள ஓர் ஆணையமும் வந்தது. நாடுகளுக்கு மேலே அப்படி ஒரு நீதிமன்றம் இல்லை. ஹேக் நகரில் சர்வதேச நீதிமன்றம் இருக்கிறதே என்று கேட்கலாம். இரு தரப்பும் ஏதாவது ஒரு வகையில் சம்மதித்திருந்தால்தான் அது வழக்கையே எடுக்கும்.

யாருக்கு உரிமை?

மேல்மடைக்காரர் சொல்வது: "என் மண்ணில் ஓடும்வரை அது என் தண்ணீர்." கடைமடைக்காரர் சொல்வது: "காலங்காலமாக எனக்கு வந்த தண்ணீர் குறையாமல் வர வேண்டும்." இரண்டையும் முழுதாக ஏற்றால் ஒப்பந்தமே சாத்தியமில்லை.

முதல் வாதத்தை மிக அப்பட்டமாகச் சொன்னவர் அமெரிக்க அரசின் தலைமை வழக்கறிஞராக இருந்த ஜட்சன் ஹார்மன். ரியோ கிராண்டே ஆற்றின் மேல்பகுதியில் அமெரிக்க விவசாயிகள் தண்ணீரைத் திருப்பிவிட, கீழே மெக்சிகோவின் வயல்கள் காய்ந்தன. மெக்சிகோ முறையிட்டது. 1895ல் ஹார்மன் எழுதிய கருத்துரையின் சாரம்: சட்டப்படி நாங்கள் உங்களுக்கு எதுவும் தர வேண்டியதில்லை. வேடிக்கை என்னவென்றால், அதே அமெரிக்கா 1906ல் மெக்சிகோவோடு ஒப்பந்தம் போட்டு, ஆண்டுக்கு 60,000 ஏக்கர்-அடி, அதாவது நம் கணக்கில் சுமார் 2.6 டி.எம்.சி., தர ஒப்புக்கொண்டது. உரிமை இல்லை என்று சொல்லிக்கொண்டே கொடுத்தது. அரசுகள் பெரும்பாலும் இப்படித்தான் நடந்துகொள்கின்றன. கொள்கையை விட்டுக்கொடுக்க மாட்டார்கள், தண்ணீரில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள்.

இந்த இரண்டு வாதங்களுக்கும் நடுவில் ஒரு பாதையை 1997ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற சர்வதேச நீர்வழிகள் உடன்படிக்கை எழுதிவைத்தது. அதன்படி ஒவ்வொரு நாடும் ஆற்றை நியாயமாகவும் அளவோடும் பயன்படுத்தலாம், மற்ற நாட்டுக்குக் கணிசமான கெடுதல் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அணை போன்ற பெரிய திட்டம் என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், பதில் சொல்ல மற்ற நாட்டுக்கு ஆறு மாதம் அவகாசம் உண்டு. நீரோட்ட விவரங்களை ஒழுங்காகப் பரிமாறிக்கொள்ள வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எது நியாயம் என்பதற்கு அதில் சூத்திரம் இல்லை. மக்கள்தொகை, இப்போதைய பயன்பாடு, மாற்று வழிகள் என்று எதையெல்லாம் எடைபோட வேண்டும் என்ற பட்டியல்தான் இருக்கிறது. போதிய நாடுகள் சேர்ந்து அது நடைமுறைக்கு வரவே 2014 ஆகிவிட்டது. வாக்கெடுப்பில் சீனா, துருக்கி, புருண்டி மூன்றும் எதிர்த்தன. இந்தியாவும் பாகிஸ்தானும் எந்தப் பக்கமும் வாக்களிக்கவில்லை. முக்கியமான ஆறுகள் பிறக்கும் நாடுகள் சும்மா கைதூக்கிவிடுமா என்ன?

அதனால் நடைமுறையில் வேலை செய்வது அந்தந்த ஆற்றுக்கென்று அந்தந்த நாடுகள் போட்டுக்கொண்ட ஒப்பந்தம்தான்.

ஃபராக்கா: பத்து நாள் முறை

கொல்கத்தா துறைமுகத்தில் வண்டல் சேர்ந்துகொண்டே இருந்தது. அதை அடித்துச்செல்ல, கங்கையின் ஒரு பகுதியைச் சுமார் 38 கி.மீ. நீளக் கால்வாய் வழியாக பாகீரதி-ஹூக்ளிக்குத் திருப்புவதற்காக ஃபராக்கா கதவணை கட்டப்பட்டு, 1975ல் இயங்கத் தொடங்கியது. மழைக்காலத்தில் யாருக்கும் கவலை இல்லை. அப்போது கங்கையில் வருவது வேண்டிய மட்டும் இருக்கும், வேண்டாத மட்டும் இருக்கும். வம்பெல்லாம் ஜனவரி முதல் மே வரை. 1977ல் ஓர் ஐந்தாண்டு ஒப்பந்தம், அப்புறம் 1982லும் 1985லும் குறுகிய கால ஏற்பாடுகள், 1988க்குப் பிறகு சில ஆண்டுகள் எதுவுமே இல்லை. கடைசியில் 1996 டிசம்பர் 12 அன்று தேவகௌடாவும் ஷேக் ஹசீனாவும் 30 ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.

அதன் கணக்கு எளிமையானது. ஃபராக்காவுக்கு வருவது விநாடிக்கு 70,000 கனஅடியோ அதற்குக் குறைவோ என்றால் சரிபாதி. 70,000 முதல் 75,000 வரை என்றால் வங்கதேசத்துக்கு 35,000, மீதி இந்தியாவுக்கு. 75,000க்கு மேல் போனால் இந்தியாவுக்கு 40,000, மீதி வங்கதேசத்துக்கு. அந்த 40,000 ஏதோ பேரம் பேசி வந்த எண் இல்லை. திருப்பும் கால்வாயின் கொள்ளளவே அவ்வளவுதான். 35,000 கனஅடி என்பது எவ்வளவு என்று மனதில் பிடிக்க: அது ஒரு நாள் முழுக்க ஓடினால் சுமார் 3 டி.எம்.சி.

என்னைக் கவர்ந்தது அடுத்த ஷரத்து. மார்ச் 11 முதல் மே 10 வரை, ஆறு மிகவும் மெலிந்திருக்கும் இரண்டு மாதத்தில், மாறி மாறி வரும் பத்து நாட்களில் ஒரு தடவை வங்கதேசத்துக்கு 35,000 கனஅடி உறுதி, அடுத்த தடவை இந்தியாவுக்கு 35,000 உறுதி. ஏரிப் பாசனத்தில் தண்ணீர் குறைந்துவிட்டால் ஊரில் முறை வைத்துப் பாய்ச்சுவார்களே, அதேதான். ஆற்றில் 60,000 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பத்து நாளில் வங்கதேசத்துக்கு 35,000, இந்தியாவுக்கு 25,000. அடுத்த பத்து நாளில் அப்படியே தலைகீழ். மொத்தக் கணக்கில் இருவருக்கும் பாதிதான் கிடைக்கிறது. ஆனால் தினமும் பற்றாக்குறையோடு இழுத்துக்கொண்டிருப்பதைவிட, என் முறை வரும்போது இவ்வளவு நிச்சயம் வரும் என்று தெரிந்தால் அதற்கேற்பத் திட்டமிட முடியும்.

சரி, 50,000க்கும் கீழே போய்விட்டால்? இரு அரசுகளும் உடனடியாகக் கலந்து பேச வேண்டும் என்று எழுதியிருக்கிறது. எண் எதுவும் இல்லை. எந்த நிலையில் ஒப்பந்தம் அதிகம் தேவையோ அந்த நிலையில் அது வாயை மூடிக்கொள்கிறது. இன்னொரு பலவீனமும் உண்டு. பங்கீட்டு அட்டவணை 1949 முதல் 1988 வரையிலான சராசரி நீரோட்டத்தை வைத்துப் போடப்பட்டது. அதற்குப் பிறகு மேலே உத்தரப் பிரதேசத்திலும் பிகாரிலும் எடுக்கும் தண்ணீருக்கு ஒப்பந்தத்தில் உச்சவரம்பு இல்லை, ஃபராக்கா வரத்தைப் பாதுகாக்க எல்லா முயற்சியும் எடுப்போம் என்ற வாக்குறுதிதான். ஒப்பந்தத்தின் 30 ஆண்டுகள் 2026 டிசம்பரோடு முடிகின்றன.

பிரித்துக்கொள்வதும் சேர்ந்து கட்டுவதும்

சிந்துவில் வேறு வழி. 1948 ஏப்ரல் 1 அன்று இந்தியப் பக்கத்துப் பஞ்சாப், எல்லைக்கு அப்பால் போகும் கால்வாய்களை மூடியது. மே மாதம் திறந்துவிட்டாலும் அந்தப் பயம் பாகிஸ்தானுக்குப் போகவே இல்லை. உலக வங்கி நடுவில் இருந்து பல ஆண்டுகள் பேசி, 1960 செப்டம்பர் 19 அன்று கராச்சியில் நேருவும் அயூப் கானும் கையெழுத்திட்டார்கள். தண்ணீரைப் பங்கு போடாமல், நாட்டைப் பிரித்த மாதிரியே ஆறுகளைப் பிரித்தார்கள். ராவி, பியாஸ், சட்லெஜ் இந்தியாவுக்கு. சிந்து, ஜீலம், செனாப் பாகிஸ்தானுக்கு, அவற்றில் இந்தியாவுக்கு நிபந்தனைகளோடு கூடிய மின்உற்பத்தி முதலிய சில உரிமைகள் மட்டும். தினமும் முகம் பார்த்துப் பேச வேண்டிய தேவையைக் குறைத்துவிட்டதால்தான் மூன்று போர்களைத் தாண்டி அது நின்றது என்று நினைக்கிறேன். ஒத்துழைப்பு என்ற சொல்லுக்கு அது அவ்வளவு பொருத்தமான உதாரணம் இல்லை.

2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு இந்தியா அந்த ஒப்பந்தத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. அறிவித்த மறுநாளே பாகிஸ்தானுக்குப் போன அந்த மூன்று மேற்கு ஆறுகளின் தண்ணீரை நிறுத்திவிட முடியாது, அதைத் தேக்கிவைக்கும் அளவுக்கு அங்கே நீர்த்தேக்கங்கள் இல்லை. முதலில் நின்றது இரு நாட்டு ஆணையர்களின் வழக்கமான தகவல் பரிமாற்றம். அந்த ஆண்டு ஆகஸ்டில் தாவி ஆற்றில் வெள்ள அபாயம் வந்தபோது இந்தியா எச்சரிக்கை அனுப்பத்தான் செய்தது, ஆனால் சிந்து ஆணையம் வழியாக அனுப்பாமல் தூதரகம் வழியாக அனுப்பியது.

இதற்கு நேரெதிர் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் ஆறு. மாலி, மொரிட்டானியா, செனகல் மூன்றும் 1972ல் ஒரு கூட்டு அமைப்பைத் தொடங்கின. பிறகு கினியும் சேர்ந்தது. இவர்கள் கனஅடிக் கணக்கில் சண்டை போடவில்லை. அணைகளையே பொதுச்சொத்தாக்கினார்கள். மனன்டாலி அணை நிற்பது மாலியின் மண்ணில், உரிமையாளர்கள் மூன்று நாடுகள். அதன் மின்சாரத்தில் மாலிக்கு 52 சதவீதம், செனகலுக்கு 33, மொரிட்டானியாவுக்கு 15. 1989ல் செனகலும் மொரிட்டானியாவும் எல்லையில் மோதி, உறவை முறித்துக்கொண்டபோதும் இந்த அமைப்பு கலையவில்லை. கூட்டாகக் கடன் வாங்கி, கூட்டாகச் சொத்து வைத்திருப்பவர்கள் அவ்வளவு சீக்கிரம் விலகிப்போக முடியாது. ஆனால் இதையும் பொன்னேட்டில் பொறிக்க வேண்டாம். ஆண்டுதோறும் வெள்ளம் வடிந்த ஈர மண்ணில் விதைத்துவந்த விவசாயிகளின் பிழைப்பை அணைகள் கெடுத்தன. கடலோரம் உப்புநீர் ஏறுவதைத் தடுத்த டியாமா அணைக்குப் பிறகு, தேங்கிய நன்னீரில் நத்தைகள் பெருகி, அவற்றால் பரவும் ஒட்டுண்ணி நோய் ஆற்றோர ஊர்களில் பெருகியது. நாடுகளுக்கு இடையில் நியாயமாக முடிந்த பங்கீடு, ஆற்றங்கரைக்காரருக்கும் நியாயமாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மண்ணுக்குள் யார் மேல்மடை?

ஆற்றில் மேல்மடை எது, கடைமடை எது என்பதை மலையும் சரிவும் தீர்மானித்துவிடுகின்றன. நிலத்தடி நீரில் அதைப் பம்பும் மாற்றிவிடும். ஓரிடத்தில் போர் போட்டுத் தொடர்ந்து இறைத்தால் அங்கே நீர்மட்டம் பள்ளம்போல இறங்கும், சுற்றியுள்ள தண்ணீர் அந்தப் பள்ளத்தை நோக்கி நகரும். எல்லைக்கு இந்தப் பக்கம் பெரிய பம்பு ஓடினால் அந்தப் பக்கத்துத் தண்ணீர் மெல்ல இங்கே வரும். அவர்களும் பம்பு வைத்தால் திசை மாறும். இதில் யார் யாரிடமிருந்து எடுக்கிறார்கள் என்று கிணற்று மேட்டில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. கண்காணிப்புக் கிணறுகள் வைத்து, ஆண்டுக்கணக்கில் மட்டம் பார்த்தால்தான் தெரியும். மாசு கலந்தாலும் இதே கதை, தெரியவே பல வருடம் ஆகலாம்.

இதைத் தீர்த்துவைத்த இடமாக எல்லோரும் சுட்டிக்காட்டுவது ஜெனீவாவை. அந்த நகரத்தின் தென்புறம் சுமார் 19 கி.மீ. நீளத்துக்கு ஒரு நிலத்தடி நீர்ப்படுகை, அதன் ஒரு பகுதி பிரான்சின் ஓத் சவோய் மாவட்டத்துக்குள் நீள்கிறது. இரு பக்கமும் குடிநீருக்கு இறைத்தன. 1970 வாக்கில், ஆண்டுக்கு இயற்கையாக ஊறுவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு இறைத்துக்கொண்டிருந்தார்கள். நீர்மட்டம் 7 மீட்டருக்கு மேல் இறங்கி, சில கிணறுகளை நிறுத்தவேண்டி வந்தது.

ஆர்வ் ஆறு பிரான்சின் மலைகளிலிருந்து பனிநீரைக் கொண்டுவருகிறது. அதன் தண்ணீரைச் சுத்தம் செய்து பூமிக்குள் இறக்கினால் படுகை நிரம்பும் என்று சுவிஸ் பொறியாளர்கள் கண்டார்கள். வெஸ்ஸி என்ற இடத்தில் அதற்கான நிலையம் 1980ல் வேலை தொடங்கியது. ஆற்றில் எடுத்த தண்ணீர் வடிகட்டப்பட்டு, மண்ணுக்குள் புதைத்த துளைக்குழாய்கள் வழியே கசிந்து கீழே இறங்கும். ஆறு கலங்கி வந்தாலோ மாசு தெரிந்தாலோ உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள்.

இங்கேதான் பேச்சுவார்த்தை தேவைப்பட்டது. ஜெனீவா செலவு செய்து நிரப்பும், பிரான்ஸ் பக்கம் சும்மா இறைத்துக்கொண்டால்? 1978 முதல் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு இதை நேர்த்தியாக முடித்தது. நிலையத்தைக் கட்டும் செலவு ஜெனீவாவுடையது. பிரான்ஸ் பக்கம் ஆண்டுக்கு 50 லட்சம் கன மீட்டர் வரை எடுக்கலாம். அதில் 20 லட்சம் இலவசம், ஏனென்றால் யாரும் நிரப்பாமலே இயற்கையாக ஊறும் தண்ணீரில் அவர்களுக்கும் பங்கு உண்டு. அதற்கு மேல் எடுத்தால், எடுத்த அளவுக்கு ஏற்ப நிரப்பும் செலவில் பங்கு கொடுக்க வேண்டும். எல்லாக் கிணற்றிலும் மீட்டர். இரு தரப்பிலும் தலா மூன்று பேர் கொண்ட ஆணையம். கூட்டத்தில் இறையாண்மை பற்றிப் பேச யாருக்கும் நேரம் இல்லை, மீட்டர் கணக்கும் பில்லும்தான் பேச்சு.

கவனிக்க வேண்டியது, இதைப் பேசி முடித்தவர்கள் பாரிஸிலும் பெர்னிலும் இருந்த வெளியுறவுத் துறைகள் அல்ல. ஜெனீவா கேண்டனும் (சுவிஸ் மாநில அரசு) ஓத் சவோய் மாவட்ட நிர்வாகமும்தான். 30 ஆண்டு முடிந்து, 2008ல் புது ஒப்பந்தம் வந்தபோது பிரான்ஸ் தரப்பில் கையெழுத்திட்டவை அந்தப் பகுதியின் உள்ளாட்சி அமைப்புகள். நீர்மட்டமும் மீண்டுவிட்டது. சொல்லியே ஆக வேண்டும்: இது இரண்டு பணக்கார நாடுகள், சிறிய படுகை, பக்கத்திலேயே பெரிய ஏரி. பஞ்சாபின் பல லட்சம் போர்வெல்களுக்கு மீட்டர் வைப்பது வேறு கதை.

ஆறும் நிலத்தடி நீரும் தனித்தனி என்று ஒப்பந்தங்கள் நினைத்துக்கொண்டிருப்பதும் ஒரு பிரச்சினை. கோடையில் மழை இல்லாதபோதும் ஆற்றில் ஓடும் தண்ணீரில் கணிசமான பங்கு கரைகளின் அடியிலிருந்து ஊறி வருவது. கரையோரம் அளவுக்கு மீறி இறைத்தால் ஆறு மெலியும். சிந்து ஒப்பந்தத்திலும் கங்கை ஒப்பந்தத்திலும் நிலத்தடி நீரைப் பகிர்வது பற்றி எந்த ஏற்பாடும் இல்லை. காவிரித் தீர்ப்பில் அது உள்ளே வந்தது, ஆனால் எப்படி வந்தது என்று டெல்டாக்காரர்களுக்குத் தெரியும். உங்கள் மண்ணுக்கடியில் நீர் இருக்கிறது, அதில் 10 டி.எம்.சி.யைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லித்தான் நம் பங்கு குறைக்கப்பட்டது. நிலத்தடி நீரைக் கணக்கில் சேர்த்தால் கடைமடைக்கு எப்போதும் லாபம் என்று எண்ணிவிட வேண்டாம்.

எல்லை தாண்டும் நிலத்தடி நீருக்கென்று ஐ.நா.வின் சர்வதேச சட்ட ஆணையம் 2008ல் வரைவு விதிகளை முடித்துக் கொடுத்தது. அவை இன்னும் வரைவாகவே இருக்கின்றன. தென் அமெரிக்காவில் பிரேசில், அர்ஜென்டினா, பராகுவே, உருகுவே நான்கும் தங்களுக்கு அடியில் இருக்கும் பிரம்மாண்டமான குவரானி படுகைக்காக 2010ல் ஒப்பந்தம் போட்டன. சண்டை வரும் முன்னே போட்டது என்பது அதன் சிறப்பு. சண்டை இல்லாததால் அவசரமும் இல்லை. நடைமுறைக்கு வர 2020 ஆனது.

ஊறவே ஊறாத நீரும் உண்டு. ஜோர்டானுக்கும் சவூதிக்கும் அடியில் இருக்கும் திசி படுகையில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் மழை பெய்து சேர்ந்த தண்ணீர்தான் இருக்கிறது, இப்போது ஊறுவது சொற்பம். சவூதி அதில் கோதுமை விளைத்தது. ஜோர்டான் 2013 முதல் அதைக் குழாய்வழி அம்மானுக்குக் குடிநீராகக் கொண்டுபோகிறது. இங்கே ஆளுக்கு எத்தனை கனஅடி என்று பேசினால், எவ்வளவு வேகமாகத் தீர்ப்பது என்று பேசுவதாகத்தான் ஆகும். 2015ல் இரு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தம் அதனால் இடத்தைப் பார்த்தது. எல்லையை ஒட்டிய ஒரு பட்டையில் நிலத்தடி நீரை எடுக்கும் எந்த வேலையும் கூடாது, அங்கே ஏற்கெனவே நடப்பவற்றை நிறுத்த ஐந்து ஆண்டு அவகாசம். அதை அடுத்த பகுதியில் எடுக்கலாம், ஆனால் ஊர்களின் குடிநீர் போன்ற தேவைக்கு மட்டும், வயலுக்குக் கிடையாது.